கொலுசு கறுத்தால் யாருக்கு வைத்தியம்?

எங்கள் ரப்பர் தோட்ட லயத்தில் தங்கத்தைத் துலக்குகிற வேலை யாருக்கும் கிடையாது. அது இரத்தினபுரி டவுனில், அடகுக் கடைப் பெட்டகத்துக்குள், பளபளப்புக் குறையாமல் பத்திரமாக இருக்கிறது. வெள்ளியைக் கொண்டுபோனால் அடகுக்காரர் தராசைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே கொலுசும் மெட்டியும் எங்கள் காலிலேயே கிடந்து கறுக்கின்றன.

கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும் என்று எங்கள் நிவித்திகலயில் யாரும் விடுவதில்லை. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், பக்கத்துக் காம்பரா அக்கா முகத்தைப் பார்க்கமாட்டார். நேரே கணுக்காலைத்தான் பார்ப்பார்.

“ஏ புள்ள, கொலுசு என்னா இப்புடி கறுத்துக் கெடக்கு? ஒடம்பு பூரா சூடு. வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி.”

பின்னால் நிற்கிறவர் நல்லெண்ணெய்க் குளியல் என்பார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, கண்ணூறு என்பார். சீக்கு கொலுசுக்கு, மருந்து குடிப்பது நான்.

925 என்று முத்திரை குத்திய வெள்ளியில் 92.5 வீதம்தான் வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. அது சேராவிட்டால் மிருதுவான வெள்ளி மலையேறுகிற காலில் நெளிந்தே போகும். அப்பாயியின் தண்டை பழைய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. 1940க்கு முந்திய இந்திய ரூபாயில் 91.7 வீதம் வெள்ளி இருந்தது. ஆக, அப்பாயி போட்டதும் லண்டன் சீமாட்டி போட்ட 925 வெள்ளியும் ஏறக்குறைய ஒரே தரம். இரண்டும் கறுக்கவும்தான் செய்யும். சீமாட்டிக்கு வெந்தயம் கொடுக்கத்தான் ஆள் இருந்திருக்காது.

கறுப்புக்குக் காரணம் கந்தகம். காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைப் பிடித்து, மேலே வெள்ளி சல்பைடாகப் படிகின்றன. ஈரம் இருந்தால் வேலை இன்னும் சுருக்காக நடக்கும். வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இரத்தினபுரிப் பக்கம் ஈரத்துக்கா பஞ்சம்? போதாததற்கு, ரப்பர் இலையில் சாம்பல் நோய் கண்டால் கந்தகத் தூள் தூவுவது தோட்டங்களின் பழைய வழக்கம்.

ஆனால் பெரிய குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டுபிடித்தார். 1876இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அன்றைக்குத் தொடங்கியது எங்கள் கொலுசுக்குக் கேடு. விடியக் கருக்கலில் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகை போட்டு லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். அது எங்கேயோ போய்க் கந்தகம் ஏற்றிக்கொண்டு, ரப்பர் பேண்டாகக் கடைக்குத் திரும்புகிறது. நல்லநாள் கொலுசை அதால் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்தால், தீபாவளிக்கு எடுக்கும்போது சுற்றின இடமெல்லாம் கன்னங்கரேல். நாங்கள் வெட்டின பாலே எங்களுக்குக் கரி பூசுகிறது!

துலக்குவதில் லயத்தில் இரண்டு கட்சி. இளசுகள் பற்பசை, பெரிசுகள் விபூதி. என் வாக்கு விபூதிக்கே. பற்பசை பல்லுக்குச் செய்தது. அதிலுள்ள நறநறப்பு வெள்ளியில் கீறல் போடும். நல்ல நைசான விபூதியை நனைத்து, பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் தேய்த்தால் போதும். அடுப்புச் சாம்பல் வேண்டாம், அதில் மணல் இருக்கும். ஒன்று மட்டும் உண்மை: எதைக்கொண்டு தேய்த்தாலும் கறுப்போடு துளி வெள்ளியும் போகும்.

போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. பழைய அலுமினியச் சட்டியில் கொதிநீர் ஊற்றி, அப்பச்சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டு, கொலுசு சட்டியின் அடியில் படும்படி கிடத்த வேண்டும். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், வெள்ளி கொலுசிலேயே தங்கிவிடும். பூவேலைப் பள்ளங்களில் பத்தர் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்; அப்படிப்பட்ட உருப்படியை இதில் போடக்கூடாது. சாத்திரக்காரர் சொல்லிப் போட்ட முத்து, பவள மோதிரங்களும் இந்தச் சட்டிப் பக்கமே வரக்கூடாது. தேசிக்காய்ப் புளி பட்டாலும் அவை கெடும்.

சட்டியிலிருந்து லேசாகக் கூழ்முட்டை நாற்றம் கிளம்பும். லயத்துச் சுவருக்கு அதைத் தடுக்கத் தெரியாது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். குட்இயர் முதல் ரப்பர் பேண்ட் வரை எல்லாவற்றையும் விளக்கினேன். உடம்புச் சூட்டுக்கும் கறுப்புக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் கந்தகத்தின் வேலை என்று முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதத்தானே புள்ள நானும் சொன்னேன்? கந்தகம்னா சூடுதானே! வெந்தயம் குடிச்சியா, இல்லியா?”