முகம் தெரிந்தால் போதுமா?

கேள்வி: மீனவர்கள் வாழும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலம் தாண்டினால் பழவேற்காட்டு முஸ்லிம் தெருக்கள். பழகினாலே துவேஷம் போய்விடும் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். ஆனால் சந்தையில் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் மட்டும் தாங்காது. கலவரங்கள் கண்ட அலிகாரையும் அமைதி காத்த கோழிக்கோட்டையும் ஒப்பிட்டு அசுதோஷ் வார்ஷ்ணே 2002-இல் எழுதிய நூல் காட்டுவது இதைத்தான்: வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், கட்சி என்று இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து இயங்கிய ஊரில் வதந்தி எடுபடவில்லை. 'எனக்குத் தெரிந்த பாய் நல்லவர், மற்றவர்கள்தான்...' என்று இழுப்பார்களே என்பீர்கள். நியாயமான ஆட்சேபம், ஒருவரை மட்டும் தெரிந்தால் அவர் விதிவிலக்காகிவிடுவார். பலரோடு தோள் கொடுத்து வேலை செய்தால் அந்தச் சாக்கு நிற்காது. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். மதம் கேட்டு இலை போடவில்லை.

அதற்காக இன்னொரு சுனாமிக்குக் காத்திருக்க வேண்டாம். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மண்மூடினால் மீன் குறையும், பழவேற்காட்டுக் கடைவீதியும் படுத்துவிடும். தூர்வாரச் சொல்லும் மனுவில் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் ஜமாத்தாரும் சேர்ந்தே கையெழுத்துப் போடட்டும். பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களும் மீன் விற்கும் குப்பத்துப் பெண்களும் ஒரே சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதட்டும்.