திரைச் சித்தாந்தி

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோரை மூவகையாகப் பிரிக்கலாம்: படம் நன்றாயிருந்தது என்போர், நன்றாயில்லை என்போர், அப்படத்தில் உண்மையில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பது அதை எடுத்த இயக்குநருக்கே தெரியாது என்போர். இம்மூன்றாம் வகையினரே இங்குத் திரைச் சித்தாந்தி எனக் குறிக்கப்படுகின்றனர். இவரை விமர்சகரோடு சேர்த்து எண்ணக் கூடாது. விமர்சகர் படத்தைப் பற்றிப் பேசுவார், இவரோ படத்தை இடைவேளையோடு விட்டுவிட்டு உயிர், உலகம், ஊழ், காலம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார். ரசிகரோடும் சேர்க்கக் கூடாது. ரசிகர் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதோடு மனநிறைவு அடைவார், இவரோ பாலும், அதை ஊற்றுபவரும், அதை ஏற்கும் கட்அவுட்டும் ஒன்றா வேறா என்ற ஆராய்ச்சியில் இறங்கி, ஊற்ற வந்தவரின் அன்றைய பொழுதைப் பாழாக்கிவிடுவார்.

இவ்வகையினர் தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தாலும், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலைக்குப் பேர்போன நெல்லிக்குப்பத்தில் இவர் நன்கு முற்றிய நிலையில் காணக்கிடைப்பதற்குச் சுற்றுவட்டாரமே காரணம் எனலாம். கிழக்கே திருப்பாதிரிப்புலியூர், திருநாவுக்கரசர் சமணத்தில் இருந்த காலத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பள்ளித் தலைவராய் விளங்கிய ஊர் என்பது மரபு. மேற்கே திருவதிகை, அவர் மீண்டும் சைவத்துக்குத் திரும்பிய ஊர். பன்னிரண்டே நூற்பாக்களில் சைவ சித்தாந்தத்தை வகுத்த மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தார்; அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் திருத்துறையூரைச் சேர்ந்தவர்; உமாபதி சிவம் சிதம்பரத்தில் வாழ்ந்தவர்; வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையை எழுப்பிய வடலூரும் தொலைவில் இல்லை. இத்தனை மெய்யியலாளர் நடமாடிய வட்டாரத்தில் பிறந்த ஒருவர், படத்தைப் பார்த்தோம், வந்தோம், படுத்தோம் என்று இருந்துவிடுவது முன்னோருக்குச் செய்யும் துரோகம் என்று திரைச் சித்தாந்தி உளமார நம்புகிறார்.

இவருடைய இருப்பிடம் டீக்கடை பெஞ்சு. அதிலும் நடுவில் அமராமல் வெளிமுனையில் அமர்வதே இவருடைய தனிப்பழக்கம். உள்ளே மாட்டிக்கொண்டவர் எழுந்து போக வேண்டுமானால் இவர் கால்களை மடக்கியாக வேண்டும், ஆனால் வாதம் ஒரு முடிவுக்கு வரும்வரை அக்கால்கள் மடங்குவதில்லை. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும்; தொலைதூரக் கல்வியில் பெற்ற பட்டம் ஒன்று இருக்கும்; கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசியில் படத்துண்டுகள் நிறைந்திருக்கும். யாராவது இவரை வெறும் சினிமாப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால், இவருக்கு வருவது கோபமன்று, இரக்கமே.

அறிவைப் பெறும் வழிகளை மெய்யியலார் அளவை என்பர். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை ஏற்கிறது: கண்ணால் காண்பது காட்சி, புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல், நம்பத்தக்க நூலின் சொல்லை ஏற்பது உரை. இம்மூன்றையும் திரைச் சித்தாந்தி விடாமல் கைக்கொள்கிறார், வரிசையை மட்டும் தலைகீழாக்கிவிடுகிறார். படம் வெளிவரும் முன்பே சுவரொட்டியில் நாயகனின் நெற்றியில் தெரியும் ஒரு கீறலைக் கொண்டு அவனுக்கு இரட்டைப் பிறவி உண்டு எனக் கருதலால் துணிவார்; வெளிவந்த அன்று முதல் காட்சி பார்த்த இளைஞர் ஒருவரின் உரையால் அதை உறுதிப்படுத்துவார்; காட்சி அளவையைப் பண்டிகை நாளில் தொலைக்காட்சியில் அப்படம் போடும்வரை ஒத்திவைப்பார்.

இதற்கு அவரிடம் கோட்பாட்டு ஆதரவும் உண்டு. சற்காரியவாதம் என்பது, காரியம் வெளிப்படுவதற்கு முன்பே தன் காரணத்துக்குள் நுண்ணிய நிலையில் இருக்கிறது என்னும் கொள்கை. சைவ சித்தாந்தமும் இதை ஏற்கும். கரும்புக்குள் சர்க்கரை முன்பே இருப்பதுபோல் டிரெய்லருக்குள் முழுப் படமும் இருக்கிறது, ஆகவே டிக்கெட் எடுப்பது அறியாமை என்பது இவர் கண்ட முடிவு. சர்க்கரை என்ற சொல் காதில் விழுந்ததும், ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பெஞ்சின் மறுமுனையிலிருந்து வாய்திறப்பார். “நூறு கிலோ கரும்பை அரைச்சா ஒம்பது, பத்துக் கிலோதான் சர்க்கரை, மிச்சமெல்லாம் தண்ணியும் சக்கையும்தான். அரைச்சுப் பாக்காம ரெக்கவரி எவ்வளவுன்னு நீ எப்படிப்பா சொல்லுவ?” சித்தாந்தி அசைய மாட்டார். “வெட்டுறதுக்கு முன்னாடியே வயல்ல ரெண்டு சொட்டுச் சாறு எடுத்து இனிப்பு எவ்வளவுன்னு பிரிக்ஸ் பாக்கறாங்களே மாமா, அதுதான் டிரெய்லர்.” பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “பிரிக்ஸ் பாத்துட்டு யாரும் ஆலையை மூடிட்டுப் போறதில்லையே” என்பார். அத்துடன் அன்றைய அவை கலையும். ஆனால் தோற்றவர் யார் என்பது பதிவேட்டில் ஏறாது, ஏனெனில் பதிவேடு சித்தாந்தியின் தலைக்குள் இருக்கிறது.

இவர் சொல்வதில் சரக்கே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை அவர் விளக்குவதை ஏரண ஆசிரியர் ஒருவர் கேட்டாலும் தலையசைப்பார். ஏரணம் என்பது வாதங்களின் செம்மையை ஆராயும் துறை. இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லிக் கவுண்டமணி காசு கொடுக்க, ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கும் செந்தில், மற்றது எங்கே என்ற கேள்விக்குக் கையிலுள்ளதையே காட்டுகிறார். ‘இன்னொன்று’ என்பது எந்தப் பொருளுக்கும் நிலையாக உரிய பண்பன்று, முதலில் எண்ணப்பட்டதைச் சார்ந்து மாறும் உறவே என்பது சித்தாந்தியின் கருத்து. தின்றதை முதலாவதாக எண்ணிய செந்திலுக்குக் கையிலுள்ளதே இன்னொன்று. கையிலுள்ளதை முதலாவதாக எண்ணும் கவுண்டமணிக்குத் தின்றதே இன்னொன்று. இருவரும் மெய்யே பேசுகின்றனர், எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறுபடுகிறது என்று அவர் முடிக்கும்போது, பெஞ்சில் உள்ளவர்கள் நாற்பது தடவையாவது பார்த்துச் சிரித்த காட்சி திடீரென்று புதிதாகிவிடும். டீ மாஸ்டரும் அதைக் காதில் வாங்கியபடிதான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். மறுநாள் தமக்கும் நண்பருக்குமாக இரண்டு டீக்குக் காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஒரே ஒரு கிளாஸ் வந்ததைக் கண்டு, “இன்னொண்ணு எங்கப்பா?” என்று கேட்ட சித்தாந்திக்கு, “இதாண்ணே அது” என்ற விடை கிடைத்தது. மாஸ்டர் கோட்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது சித்தாந்தியின் தீர்ப்பு.

உண்மை ஒன்றா பலவா என்னும் கேள்வி இவருக்கு மிகவும் உகந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் வெவ்வேறாகச் சொல்லும் கதைக்கு அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) உலகறிந்த முன்மாதிரி. தமிழில் பாடலே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ (1954) படத்தையும், இரு கைதிகள் ஒரே கதையை இருவிதமாகச் சொல்லும் ‘விருமாண்டி’ (2004) படத்தையும் இவ்வரிசையில் வைக்கலாம். இவற்றை விளக்கச் சித்தாந்தி திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியைத் துணைக்கு அழைப்பார். பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, எந்தக் கூற்றும் ஒரு கோணத்திலிருந்தே உண்மையாகும் என்பது சமணரின் அநேகாந்தவாதம். இதைப் பொறுமையாக விளக்கி முடித்த கையோடு, ‘விருமாண்டி’க்கு இதைத் தவிர வேறு பொருள் சொல்பவன் மடையன் என்று பெஞ்சை ஓங்கித் தட்டுவார். உண்மைக்குப் பல பக்கம் உண்டு என்ற கொள்கைக்கு மறுபக்கம் இருப்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்வதில்லை.

‘தசாவதாரம்’ (2008) இவருக்குச் சொந்தச் சொத்து. 12ஆம் நூற்றாண்டுச் சிதம்பரத்தில் கோவிந்தராசர் சிலை கடலில் எறியப்படுவதில் தொடங்கி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் முடியும் அப்படம், இரு முனைகளிலும் கடலூர் வட்டாரத்தின் நினைவுகளைத் தொட்டுச் செல்கிறது. சிறு அசைவு ஒன்று தொடர்விளைவுகளால் பெருமாற்றத்தை உண்டாக்கலாம் என்னும் வண்ணத்துப்பூச்சி விளைவை அவர் கெடிலம் ஆற்றில் எறியப்படும் கூழாங்கல்லில் தொடங்கி மெரினா வரை கொண்டுபோவார். கொடிய கிருமியைக் கடல்நீரின் உப்பு அழித்ததால் அந்த அலை கோடி உயிர்களைக் காத்தது என்பது படத்தின் கற்பனை. அதிலிருந்து, எல்லாத் தீமைக்குள்ளும் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர் ஒரே தாவலில் வந்துவிடுவார். அருளும் ஆற்றலும் உடைய இறைவன் இருக்கத் துன்பம் ஏன் என்னும் கேள்வியைச் சமய மெய்யியலார் தீமைச் சிக்கல் என்பர். நூற்றாண்டுகளாக விடை தேடப்படும் இதனை அவர் இரண்டாவது டீக்குள் தீர்த்துவிடுவார். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எங்க தெருவுல அந்த அலையில போனவங்க யாரைக் காப்பாத்தப் போனாங்கண்ணே?” என்று ஒருமுறை கேட்டபோதுதான் அவரிடம் விடை இல்லாமற்போனது. அதன்பின் அந்த மீன்காரர் இருக்கும் நாட்களில் ‘தசாவதாரம்’ பேசப்படுவதில்லை. இதைப் பண்பு என்று பாராட்டலாம். ஆனால் மெய்யியல் தொடங்க வேண்டிய இடத்தில் பேச்சை மாற்றினார் என்றும் சொல்லலாம்.

வெகுசனக் கலையில் மெய்யியல் தேடுவதே கேலிக்குரியது என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. குகைச் சுவரில் விழும் நிழல்களையே மெய்யென நம்பிக் கட்டுண்டு கிடக்கும் மனிதரைப் பிளேட்டோ வருணித்தது திரையரங்கு பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. அமெரிக்காவில் ‘தி சிம்ப்சன்ஸ்’ கேலிச்சித்திரத் தொடரையும் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தையும் வைத்து மெய்யியல் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைத் தொகுப்புகள் 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நெல்லிக்குப்பத்து பெஞ்சைப் பார்த்துச் சிரிப்பது முறையன்று. சொல்பவர் இறைவனே ஆயினும் பிழை பிழையே என்ற வாதத்தை ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ (1965) படிப்பறிவில்லாத ஊர்களுக்கும் கொண்டுசேர்த்தது. கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கி ஒரு கந்தசாமிப் பிள்ளையோடு உரையாட வைத்த புதுமைப்பித்தன் பிறந்ததும், திரையின் நிழலை மெய்யென நம்பிய சித்தாளின் கதையை எழுதிய ஜெயகாந்தன் பிறந்ததும் இதே கடலூரில்தான். ஆகவே கேள்வி எங்கிருந்து எழுகிறது என்பதில் குற்றமில்லை. அதை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் குற்றமும் குணமும் உள்ளன.

நடத்தும் முறைக்கு அண்டை ஊரிலேயே அளவுகோல் இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பரபக்கம் மாற்றாரின் கொள்கை, சுபக்கம் தம் கொள்கை. கடவுளே இல்லை என்னும் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு தரப்புகளையும் முதலில் அவரவர் வாதமாகவே எடுத்துரைத்து, பிறகே மறுத்தார். அத்தரப்பினருள் ஒருவரான ஆசீவகர் தம் நூல்களை இழந்துவிட்ட நிலையில், அவர்களைப் பற்றி 1951இல் ஆய்வு நூல் வெளியிட்ட ஏ. எல். பாஷமுக்குச் சித்தியாரின் பரபக்கமும் ஒரு சான்றாக உதவிற்று. எதிரியின் சொல்லை மறுக்க வந்தவரே பாதுகாத்துக் கொடுத்திருக்கிறார். அந்த அருணந்தியும் பிறக்கும்போதே அப்படி இருந்தவரல்லர். சகலாகம பண்டிதர் என்ற பட்டத்தோடு இளம் மெய்கண்டார் முன் நின்று, ‘நான்’ என்னும் செருக்காய் உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தின் வடிவம் யாது என வினவினார் என்றும், மெய்கண்டார் வாய்திறவாமல் அவரையே மேலும் கீழும் பார்த்தார் என்றும், அந்தப் பார்வையில் பண்டிதர் மாணவரானார் என்றும் மரபு கூறும்.

நெல்லிக்குப்பத்துத் திரைச் சித்தாந்தியிடம் சுபக்கம் நிரம்ப இருக்கிறது. பரபக்கம்தான் ஒரு பக்கமும் எழுதப்படவில்லை. அதை அவர் தாமாக எழுதப் போவதுமில்லை. ஆலைப் பெரியவரும் மாஸ்டரும் மீன்காரரும் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனவே அவரைக் கண்டதும் எதிர்த்திசையில் நடையைக் கட்டும் வாசகர்கள், அடுத்த முறை ஒரு மறுப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அந்த பெஞ்சில் உட்கார வேண்டும். அவர் குறுக்கிட்டால் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் கடைசிவரை கேட்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் வாய் இருக்கும் இடத்தில் எத்தனை படம் பார்த்தாலும் தத்துவம் விளையாது.