மருமகன் கொண்டுவந்த போத்தல்

வாங்க மருமகன், இரிங்க. கதிரையில இரிங்க, பாயில வேணாம். படிச்ச ஆள், காற்சட்டை கசங்கிடும்.

போத்தலைப் பார்த்தன். கனோடெர்மாக் காளான் குளிசை. முழங்கால் வீக்கம், சீனி, பிரசர், நித்திரையில்லாமை எல்லாத்துக்கும் இது ஒண்டு போதுமெண்டு சொல்லிட்டுப் போனீங்க. ராவு மகள் விலையச் சொன்னா. முழங்கால்ல இருந்த நோவு நெஞ்சுக்கு ஏறிட்டு.

காளான் எண்டா ஹதீஸிலயே வந்திரிக்கி எண்டும் சொன்னீங்க. வந்ததுதான். ஆனா ஹதீஸில வந்த காளானுக்குக் கம்ஆ எண்டு பேர், அது அரபு நாட்டு மணலுக்குள்ள உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்கிற சாமான். அதுட தண்ணி கண்ணுக்கு எண்டுதான் வந்திரிக்கி. நீங்க வேற காளானை என்ட முழங்காலுக்குத் தாறீங்க. கண்ணுக்கும் முழங்காலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் எண்டு தொழுகையில குனியிற எனக்குத்தான் தெரியும்.

அதுக்காக எல்லாம் பொய்யெண்டு சொல்ல மாட்டன். மூத்த மகள்ட புள்ள கெம்பஸ்ல படிக்கிறாளே, அவளிட்ட போனைக் குடுத்து வாசிக்கச் சொன்னன். இந்தக் காளானுக்குள்ள கனோடெரிக் அமிலம் எண்டு ஒரு கசப்புச் சாமான் இரிக்காம், பீட்டா குளூக்கன் எண்டு இன்னொண்டு. கண்ணாடித் தட்டில செல்லை வளர்த்து இதுகள விட்டா, 'வீங்கு, வீங்கு' எண்டு உடம்புக்குத் தந்தி அடிக்கிற சங்கதி குறையுதாம். எலிக்கும் குறையுதாம். அல்ஹம்துலில்லாஹ், எலிக்கு நல்லம். நம்மட வட்டையில நெல்லுத் திங்கிற எலியெல்லாம் மூட்டு நோவில்லாம ஓடட்டும்.

மனிசனுக்கு என்ன எண்டு கேட்டன். ஹொங்கொங்கில மூட்டு வாதக்காரர் 65 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இந்தக் காளானோட இன்னொரு சீன மருந்தும், மத்தவங்களுக்கு வெறும் குளிசையும் 24 கிழமை குடுத்தாங்களாம். 2007ல எழுதினது. மருந்து குடிச்சவங்க நோவு கொஞ்சம் குறைஞ்சிரிக்கி எண்டு வாயால சொல்லியிரிக்காங்க. இரத்தத்தைப் பார்த்தா, வீக்கத்தைத் தணிச்ச அடையாளம் ஒண்டுமில்ல. சீனி வருத்தக்காரருக்கும் பார்த்தாங்க. 398 பேர்ட கணக்குகளை ஒண்டாப் போட்டு 2015ல சொன்ன தீர்ப்பு: இதைக் குடிங்க எண்டு சொல்ல ஆதாரமில்ல.

முகத்தைத் தொங்கப் போடாதீங்க, தேத்தண்ணியக் குடிங்க. பங்கசு மருந்தாகாது எண்டா சொன்னன்? 1969ல மருந்துக் கொம்பனி விஞ்ஞானி ஒருத்தர் லீவுக்கு நோர்வே போய், மலைமேட்டில ஒரு பிடி மண் அள்ளிட்டு வந்தார். நீங்க கண்டிக்குப் போனா மஸ்கட் இனிப்போடதான் வாறீங்க. அந்த மண்ணில இருந்த பங்கசில வந்ததுதான் சைக்ளோஸ்போரின். 1983ல அமெரிக்கா அனுமதிச்சது. மாத்தி வெச்ச கிட்னியை உடம்பு தள்ளிவிடாமப் பிடிச்சு வெக்கிற மருந்து. மூட்டு வாதத்துக்கும் குடுக்கிறாங்க. வீக்கத்தை அமத்துற பங்கசு எண்டா அதுதான் மருமகன்! ஆனா அதைக் குடிக்கிற ஆளுக்கு இரத்தம் எடுத்து எடுத்துப் பார்க்கணும். அளவு கூடினா அதே கிட்னியைத் தாக்கும், பிரசரும் ஏறும். உங்கட போத்தல்ல 'பக்கவிளைவே இல்லை' எண்டு தங்க எழுத்தில போட்டிரிக்கி. பக்கவிளைவே இல்லையெண்டா முன்விளைவும் இல்ல. கடிக்காத நாயைத் தோட்டத்துக்குக் காவல் வெச்ச கதைதான்.

இன்னொண்டு. இந்தக் கனோடெர்மாச் சாதி தென்னைக்கு எமன், தெரியுமா? தஞ்சாவூர்ப் பக்கம் 1952ல புயலுக்குப் பிறகு தென்னை வாடிச் செத்தது இதாலதான். தஞ்சாவூர் வாடல் எண்டு ஊர்ப் பேரே வெச்சிட்டாங்க. மரத்தடியில இருந்து செங்கபிலமாத் தண்ணி வடியும், வேர் அழுகும், அடியில காது மாதிரிக் காளான் தள்ளும். வேப்பம் புண்ணாக்கைப் போட்டு அதைத் தடுக்கப் பார்க்கிறாங்க. அங்க காசு குடுத்துத் தடுக்கிறாங்க, நீங்க காசு குடுத்து முழுங்கச் சொல்றீங்க.

குளிசையிட உறை எந்த மாட்டுத் தோல்ல செஞ்சது, மாடுதானா எண்டும் கேட்டீங்களா? இல்ல. இதை விக்க ஆள் சேர்க்கிற கொழும்புக் கூட்டத்தில கோட்டுப் போட்டவன் கைதட்டச் சொன்னான், தட்டிட்டு வந்திட்டீங்க.

ஆள் சேர்க்கிற வரிசைக்கு இடது கால், வலது கால் எண்டு பேராமே. நான் வலது காலாச் சேர்ந்தா உங்களுக்குப் பங்காம். மருமகன், என்ட சொந்த வலது காலே என்ட சொல்லுக் கேக்குதில்ல. உங்களுக்கு வேற ஒரு காலாகவும் நான் நிக்கிறதா?

பள்ளிவாசல் பக்கத்துக் கடை ஹாஜியாருக்கும் ஒரு போத்தல் குடுத்திரிக்கீங்களாம். அவர் இரத்தம் உறையாம இரிக்கக் குளிசை போடுறவர். இப்பவே போய் வாங்கிட்டு வாங்க. டொக்டரிட்டக் கேக்காம அவர் அதைத் தொடக் கூடாது. இது மட்டும் பகிடியில்ல.

மாரி பிறந்தா புத்தடியில காளான் முளைக்கும். எது நல்ல காளான் எண்டு உங்கட மாமிக்குத் தெரியும், நீங்க புடுங்கப் போயிடாதீங்க. பால் புழிஞ்சு ஆணம் வெப்பா, சோத்தோட திம்பம். முழங்காலுக்கு ஒண்டும் செய்யாது, நாக்குக்குச் செய்யும்.

போத்தலை விட்டுட்டுப் போங்க. உள்ள இரிக்கிறதைக் கொட்டிட்டுத் தாங்க. மூடி நல்ல இறுக்கம், காலுக்குப் பூசுற எண்ணெய் ஊத்தி வெக்கலாம்.