இனாம் குதிரை

டெல்லி சரோஜினி நகரில் யாரும் யாருக்கும் எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சட்டைகளும், ஒரு பட்டன் கோணிப்போனதால் கப்பலேற முடியாமல் தங்கிவிட்ட பாவாடைகளும் மலையாகக் குவிந்து கிடக்கும் அந்த மார்க்கெட்டில், சட்டையைப் போட்டுக் கொடுக்கிற பைக்குக்கூடத் தனிக் காசு கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட பேட்டையில், மார்க்கெட் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் ஓர் அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் குதிரையை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

செஸ் பலகையில்தான். இந்தத் தருமத்துக்குக் காக்ரேன் கேம்பிட் என்று பெயர். முதல் மூன்று நகர்வுகள் சாதுவானவை. இரண்டு பக்கமும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். வெள்ளை தன் குதிரையை எடுத்துக் கறுப்புச் சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்பு தன் சிப்பாயைக் காப்பாற்றாமல், பதிலுக்குத் தானும் ஒரு குதிரையை எடுத்து வெள்ளைச் சிப்பாயைக் குறிவைக்கும். இது பெட்ராஃப் தற்காப்பு. மூன்றாவது நகர்வில் வெள்ளைக் குதிரை அந்தச் சிப்பாயை வெட்டும். கறுப்பு பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, "இடத்தைக் காலி பண்ணு" என்று குதிரைக்கு நோட்டீஸ் கொடுக்கும்.

புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் குதிரையைப் பின்னால் எடுத்துவிடுவார்கள். கேம்பிட்காரன் அதை முன்னால் ஓட்டி, கறுப்பு ராஜாவின் மடியில் கொண்டுபோய் உட்கார்த்துவான். அங்கே ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு, அது ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். வேறு வழியில்லாமல் ராஜாவே இறங்கி வந்து அதை வெட்ட வேண்டும். வெட்டிய கையோடு கோட்டை கட்டும் உரிமை அவருக்குப் போய்விடும். ஒரு குதிரை மூன்று சிப்பாய்க்குச் சமம் என்பது பாலபாடம். நமக்குக் கிடைத்ததோ இரண்டே சிப்பாய். ஆக, நாலாவது நகர்விலேயே நஷ்டக் கணக்கு. அதற்கு ஈடாகக் கையில் இருப்பது, எதிராளியின் முகத்தில் தெரிகிற கலவரம்.

எங்கள் பிளாக்கின் மாடியில் ஒரு வங்காளத்துக்காரர் இருந்தார். செக்‌ஷன் ஆபீசர். கறுப்புக் காய் கிடைத்தால் பெட்ராஃபைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எதிராளி செய்ததையே தானும் செய்தால் பின்னால் ஆடிட் கேள்வி வராது என்பது அவருடைய சித்தாந்தம். குளிர்கால ஞாயிறுகளில் பிளாக் முழுவதும் புல்தரையில் வெயில் காயும். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், ஆண்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அப்படி ஒரு வெயிலில்தான் நான் முதன்முதலாக அவருடைய ராஜாவின் மடியில் குதிரையை வைத்தேன். அவர் குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கை தவறிவிட்டது போலிருக்கிறது அண்ணாஜி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"இல்லை தாதா, தெரிந்துதான் வைத்தேன்."

கையிலிருந்த வேர்க்கடலை அவருக்கு மறந்துபோயிற்று. அடுத்த அரை மணி நேரம் அவருடைய ராஜா குடையில்லாமல் மழையில் மாட்டிக்கொண்ட மனிதரைப் போலப் பலகையின் நடுவில் இங்கும் அங்கும் ஓடினார். கடைசியில் மாட்டிக்கொண்டார். தாதா கைகுலுக்கிவிட்டு, கடலைத் தோலைக்கூட அள்ளாமல் மாடியேறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் சரித்திரத்தோடு இறங்கி வந்தார். "அண்ணாஜி, இது உங்கள் மெட்ராஸ் சரக்கு இல்லை. எங்கள் கல்கத்தா சரக்கு."

வாஸ்தவம்தான். ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கல்கத்தாவில் பாரிஸ்டராக இருந்தவர். இந்த கேம்பிட்டை அவர் 1848-இல் கல்கத்தாவில் ஆடியிருக்கிறார். எதிரே உட்கார்ந்து குதிரையை வாங்கிக்கொண்டவர் மகேஷ் சந்திர பானர்ஜி. மொஃபசல் கிராமமொன்றில் தோல்வியே தெரியாத ஒரு பிராமணர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தேடிக் கண்டுபிடித்துக் காக்ரேன் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார்களாம். இரண்டு பேரும் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. இங்கிலீஷ் விதிகளைப் பிறகு கற்றுக்கொண்ட மகேஷ் பாபு, சிப்பாயை ஒரே கட்டம் தள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தில் ஊறியவர். எடுத்த எடுப்பில் நடுப்பலகைக்குப் பாயாமல், ஓரத்தில் ஒதுங்கி பிஷப்பை மூலையில் பதுக்கிவைத்து ஆடுவார். இன்றைக்கு உலகம் முழுவதும் இந்தியன் டிஃபென்ஸ் என்று வழங்கும் குடும்பத்துக்கு மூலபுருஷர் அவர்தான்.

தாதாவின் ஆற்றாமை அங்கேதான் இருந்தது. 1855-இல் மகேஷ் பாபு காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஒரு தற்காப்பு, 1922-இல் ஆஸ்திரியாக்காரர் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு ஆடிய பிறகு குருன்ஃபெல்டு டிஃபென்ஸ் ஆகிவிட்டது. "குதிரையைத் தூக்கிக் கொடுத்த வெள்ளைக்காரன் பேர் நின்றுவிட்டது. கஷ்டப்பட்டு அதை வாங்கி வைத்துக்கொண்ட எங்கள் ஆள் பேர் எங்கேயும் இல்லை. இது என்ன நியாயம்?"

"தாதா, நம்ம விநாயகர் கோயிலுக்கு வந்து பாருங்கள். டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரைத்தான் எழுதுவார்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டவர் பெயரையா எழுதுவார்கள்?"

அவர் சிரிக்கவில்லை. காய்களை அடுக்கினார். பெட்ராஃப்தான். நான் குதிரையைக் கொடுத்தேன். இந்த முறை முகத்தில் கலவரம் இல்லை. ராஜா இறங்கி வந்து வெட்டினார், இரண்டு கட்டம் நடந்தார், காற்று வாங்கினார், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டு தாதா என்னை நிதானமாக, விதிப்படி, உரிய கோப்புகள் வழியாகத் தோற்கடித்தார்.

கேம்பிட்டின் பொருளாதாரம் எனக்கு அன்று தெளிவாயிற்று. அதன் மூலதனம் எதிராளியின் அறியாமை. ஓர் ஆளிடம் அதை ஒரே ஒருமுறைதான் செலவழிக்க முடியும். மகா வல்லவர்களுக்கும் இதே கணக்குத்தான். 1995-இல் ரீகாவில் நம்ம ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ் எவான்ஸ் கேம்பிட்டை எடுத்தார். வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் 1820-களில் கண்டுபிடித்து, பெரிய ஆட்டக்காரர்கள் பரணில் போட்டுவிட்ட சாமான் அது. தூசு தட்டி எடுத்துவந்த காஸ்பரோவ் இருபத்தைந்தே நகர்வில் ஜெயித்தார். உலக சாம்பியனே பரணில் கைவைக்கும்போது, குவார்ட்டர்ஸ்காரன் வைத்தால் என்ன?

என் மனைவி செஸ் ஆடமாட்டாள். ஆனால் மார்க்கெட்டில் அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் 600 ரூபாய் என்பார். இவள் 150 என்பாள். அவர் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். இவள் சட்டையைக் குவியலில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஐம்பது ரூபாய் ஏறும். நாலு கடை தாண்டுவதற்குள் "தீதி, லே ஜாயியே" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும். நீ பண்ணுகிறதும் கேம்பிட்தான், சட்டையை விட்டுக்கொடுத்து விலையைப் பிடிக்கிறாய் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"நான் சட்டையைக் கீழே போட்டுட்டு நடக்கறேன். நீங்க காசைக் கடைக்காரன் கையில கொடுத்துட்டு நடக்கறீங்க. உங்களை யார் திரும்பக் கூப்பிடுவா?" என்றாள்.

இதற்குப் பதில் எந்த செஸ் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவளுக்குப் புரியாத ஒன்று உண்டு. மார்க்கெட்டில் கடைக்காரர் மாறுவதில்லை. குவார்ட்டர்ஸில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மத்திய அரசின் பணியிட மாற்ற ஆணைகள்தான் என் கேம்பிட்டை இத்தனை காலம் வாழவைத்தன. ஒருவர் டெபுடேஷன் முடிந்து கட்டாக் போவார், அவர் இடத்துக்குக் கோவையிலிருந்து ஒருவர் வருவார். லாரியிலிருந்து பீரோவை இறக்கும்போதே நான் போய் நின்றுவிடுவேன். தண்ணி வேணுமா, பால்காரன் நம்பர் வேணுமா, சார் செஸ் ஆடுவீங்களா? இவ்வளவு நல்ல மனிதர் பக்கத்து வீட்டில் வாய்த்தாரே என்று அந்தக் குடும்பமே கண்கலங்கும்.

இதில் ஒரு சிக்கல். எதிராளி பெட்ராஃப் ஆடினால்தான் என்னால் குதிரையைக் கொடுக்க முடியும். பலி ஆடு தானாகத் தலையை நீட்ட வேண்டும். அதனால் புதிதாக வந்தவரிடம் காபி குடிக்கும்போதே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைப்பேன்: "கறுப்புக்கு பெட்ராஃப் மாதிரி பத்திரமானது வேறொன்றும் இல்லை சார். ஆனந்தே ஆடியிருக்கிறார்." இதில் பொய் ஒன்றும் கிடையாது. 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் அதே பெட்ராஃபை ஆடி, கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆனந்த் ஆறே நகர்வில் தோற்றார் என்பதை மட்டும் விட்டுவிடுவேன். பால் காய்ச்சிய வீட்டில் துக்கச் செய்தி எதற்கு?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த தொழிலில் மண் விழுந்தது கம்ப்யூட்டரால். கீழ்வீட்டுக்குக் குடிவந்தவரிடம் வழக்கம்போல விசாரித்தேன். "எனக்குத் தெரியாது சார், பொண்ணு ஆடுவா" என்றார். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். நான் சொல்லிக்கொடுக்காமலே பெட்ராஃப் ஆடினாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்து குதிரையைக் கொடுத்தேன். வியப்போ கலவரமோ இல்லை. ராஜாவால் வெட்டிவிட்டு, பென்சிலைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இது தப்புன்னு இன்ஜின் சொல்லுது."

"1999-இல லினாரஸ்ல டோபலோவே ஆடியிருக்கார் பாப்பா. எதிரில் யார் தெரியுமா? கிராம்னிக்! ரெண்டு பேருமே பின்னாடி உலக சாம்பியன்."

"ஜெயிச்சாரா?"

"டிரா."

"டிராதானா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஆடினாள். அவள் ராஜா இருந்த இடத்தைவிட்டு அதிகம் அசையவில்லை. என் ராஜாதான் கடைசியில் ஊர் சுற்றினார்.

அந்தப் பெண்ணிடம் நான் வாதாடவில்லை. இன்ஜின் சொல்வதும் சரிதான். ஆனால் நான் இன்ஜினோடு எந்தக் காலத்திலும் ஆடியதில்லை. செக்‌ஷன் ஆபீசர்களோடு ஆடினேன். ஆயுள் முழுக்க முன்னுதாரணம் பார்த்தே கையெழுத்துப் போட்ட ஒரு மனிதருக்கு, முன்னுதாரணமே இல்லாத ஒரு குதிரையைக் கொடுத்தால் என்ன செய்வார் என்று பார்ப்பதுதான் என் ஆட்டம். பாபி ஃபிஷரும் 1961-இல் ராஜா கேம்பிட் தோற்கிற ஆட்டம் என்று கட்டுரையே எழுதினார். இரண்டு வருடம் கழித்துத் தானே அதை ஆடி ஜெயித்தார். எழுதும்போது பலகையைப் பார்த்தார், ஆடும்போது ஆளைப் பார்த்தார்.

ஆனால் ஆளுக்கே பஞ்சம் வந்தது. 2016-இல் மத்திய அமைச்சரவை டெல்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட முடிவெடுத்தபோது, அதில் சரோஜினி நகரும் இருந்தது. குவார்ட்டர்ஸ்கள் காலியாயின. 2018-இல் மரங்களை வெட்டக் கூடாது என்று ஜனங்கள் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போராடினார்கள். எதிராளிகளை வெட்டாதே என்று கட்டிப்பிடித்துக்கொள்ள எனக்குத்தான் யாரும் மிஞ்சவில்லை. தாதா ஓய்வு பெற்றுக் கல்கத்தா போய்விட்டார். போகும்போது, காக்ரேனும் மகேஷ் பாபுவும் ஆடிய ஆட்டங்களை எழுதிவைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். பெட்ராஃப்காரர் அல்லவா!

அதற்காக நான் இடிந்துபோய்விடவில்லை. 2025 ஜனவரியில் பிரதமர் சரோஜினி நகரில் புதுக் குடியிருப்புகளைத் திறந்துவைத்தார். 28 அடுக்குமாடிக் கட்டடங்கள், 2,500-க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டுக்கு ஒருவர் செஸ் ஆடினால்கூட, காக்ரேன் முப்பது நாற்பது வருடம் கல்கத்தாவில் உட்கார்ந்தும் பார்த்திருக்க முடியாத சந்தை இது. லிஃப்ட் வேறு இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குத் தண்ணீர், பால்காரன் நம்பர், பெட்ராஃப் மூன்றையும் வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஒரே ஒரு கவலைதான். ரகசியம் முழுவதையும் நானே இங்கே எழுதிவிட்டேன். ஆகவே ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம்: இந்த இதழை உலகத் தமிழர் எல்லோருக்கும் தாராளமாக அனுப்புங்கள், அந்த 28 கட்டடங்களுக்கு மட்டும் வேண்டாம்.