ராத்திரி வராத ஊரில் உறை ஊற்றுவது

"ரஷ்யா போயிட்டு வந்தீங்களாமே, சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

நேற்றுச் சாயங்காலம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஒரு கையில் வாழைக்காயும் மறு கையில் கீரைக்கட்டுமாக நின்றவனை மடக்கிக் கேட்டார் பழைய அலுவலக நண்பர். ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. இதுவரை இந்தக் கேள்வியைக் கேட்காதவர் என் பல் டாக்டர் ஒருவர்தான். என் வாய்க்குள் அவர் கை இருந்தது. கேட்டும் பிரயோசனமில்லை என்று விட்டிருப்பார்.

நாற்பது வருஷக் கனவு ஐயா அது. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தவன் நான். முன்னேற்றப் பதிப்பகம் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய புத்தகங்களைக் காசு சேர்த்து வாங்கியவன். சேலையூர் ஏரியைப் பார்க்கும் முன்பே நேவா நதியைப் பார்த்துவிட்டவன், தஸ்தயெவ்ஸ்கியின் புண்ணியத்தில். முக்கியமாக, பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் ரெம்ப்ராண்ட் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. பைபிளின் கெட்டகுமாரன் கதை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பியை அப்பா அணைத்துக்கொள்கிறார். அண்ணன்காரன் ஓரமாக விறைத்து நின்று பார்க்கிறான். கல்லூரி நாளில் ஒரு புத்தகத்தில் அந்த அண்ணன் முகத்தைப் பார்த்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரையும் அந்த முகத்தைப் பற்றித்தான். முதலில் சாப்பாட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் கேட்பீர்கள்.

போனது மூன்று பேர். அக்கா, நான், தம்பி. மூவருக்கும் சேர்த்து வயது நூற்றெழுபத்தைந்து. ஜூன் மாதம், பத்து நாள், பீட்டர்ஸ்பர்க், பிறகு மாஸ்கோ. நம் வங்கி கொடுத்த விசா, மாஸ்டர் அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே செல்லாது என்பதால் பணம் முழுக்க ரொக்கம். ரொக்கம் முழுக்க அக்காவின் இடுப்புப் பையில். ஒரு டீக்கு முப்பது வருஷம் பின்னால் போய்க் கை நீட்ட வேண்டியிருந்தது.

அக்காவின் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய், மோர்மிளகாய், தாளிப்புக் கரண்டி, ஒரு லிட்டர் எவர்சில்வர் தூக்கு. "தூக்கு எதுக்குக்கா?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ரஷ்யச் சாப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. புளீனி என்றால் மெல்லிசுத் தோசை. சீர்னிக்கி என்றால் பாலாடைக்கட்டிப் பணியாரம். பெல்மேனியைக் கொழுக்கட்டை என்று நினைத்துத் தம்பி பன்னிரண்டு சாப்பிட்ட பிறகுதான் உள்ளே பூரணம் இல்லை, கறி என்று தெரிந்தது. அதற்கப்புறமும் எட்டு சாப்பிட்டான். எதைக் கேட்டாலும் மேலே பொடிப்பொடியாக ஒரு தழையைத் தூவித் தருகிறார்கள். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சதகுப்பைடா. பிரசவ லேகியத்துல போடறது. ஊர் மொத்தமும் பிள்ளை பெத்துட்டு உட்கார்ந்திருக்கா?" என்றாள்.

சிக்கல் தயிரில் ஆரம்பித்தது. நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குக் கீழேயே கடை. அதில் ஒரு சுவர் நீளத்துக்குப் பால் சமாசாரம். உலகத்தில் பாலைப் புளிக்க வைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும் அந்தச் சுவரில். கேஃபிர் என்று ஒன்று: நுரைக்கிற மோர், சோடாவுக்குத் தூரத்துச் சொந்தம். ரியாஷென்கா என்று ஒன்று: பழுப்பு நிறம், பாலை மணிக்கணக்காக அடுப்பில் காய வைத்துப் புளிக்க வைப்பது; பால்கோவா சட்டியைக் கழுவிய தண்ணீர் மறுநாள் எப்படி இருக்குமோ அப்படி. ஸ்மெத்தானா: புளித்த ஏடு. சூப்பிலும் அதுதான், பணியாரத்திலும் அதுதான். துவோரக்: உதிரி உதிரியாக, தயிரை மூட்டை கட்டித் தொங்கவிட்டு மறந்துபோன மாதிரி. ஒவ்வொன்றிலும் கொழுப்பு ஒன்று சதவீதம், இரண்டரை, மூன்று புள்ளி இரண்டு என்று ரகம் வேறு. அக்கா ஒவ்வொன்றாக வாங்கச் சொன்னாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். எங்களிடம் தள்ளினாள். "இது தயிர் இல்ல." பத்து நாளில் நானும் தம்பியும் குடித்த கேஃபிரில் ஒரு கன்றுக்குட்டி வளர்ந்திருக்கும்.

தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று உலகத்துக்குச் சொன்னவரே இந்த நாட்டு விஞ்ஞானிதான் அக்கா, மெச்னிக்கோவ் என்று பெயர், 1908இல் நோபல் பரிசு வாங்கியவர், என்று எடுத்துச் சொன்னேன்.

"எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு?"

"எழுபத்தொண்ணு."

"நம்ம பாட்டி எண்பத்தொம்பது. அவ யார் சொல்லியும் சாப்பிடல."

ஆகவே வீட்டிலேயே தயிர் தோய்ப்பது என்று முடிவாயிற்று. பால் காய்ச்சியாயிற்று. உறைக்கு? கேஃபிரிலேயே ஒரு ஸ்பூன் விடலாமே என்றான் தம்பி. "அது யார் வீட்டு உறையோ" என்று அக்கா மறுத்துவிட்டாள். மிளகாய்க் காம்பு போட்டாலும் பால் உறையும் என்பது பாட்டி காலத்து வித்தை. மோர்மிளகாய் ஏற்கெனவே தயிரில் ஊறியது, அதன் காம்பென்றால் இன்னும் விசேஷம் என்பது அக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஏழு காம்பைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, வெளியே பார்த்தாள். பகல் வெளிச்சம் அப்படியே இருந்தது.

"ராத்திரி ஆகட்டும், ஊத்தறேன்."

"மணி பத்தரை அக்கா."

"இருட்டவே இல்லையே."

வெண்ணிற இரவுகள். ஜூனில் அங்கே பொழுது இருட்டுவதில்லை. காதலர்கள் பாலத்தில் நின்று உருகுவதற்கென்று இலக்கியம் ஒதுக்கி வைத்த அந்த நேரத்தில், என் அக்கா ஜன்னலோரம் ஏழு மிளகாய்க் காம்போடு இருட்டுக்குக் காத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வானம் லேசாக நீலம் பூசியது. போதும் என்று போட்டுவிட்டாள்.

காலையில் பால் பாலாகவே இருந்தது. நம்மூர்ச் சூட்டில் எட்டு மணி நேரத்தில் ஆகிற காரியம். அங்கே வெளியே பதினைந்து டிகிரி. தூக்குக்குத் தம்பியின் ஸ்வெட்டரைப் போர்த்தினாள். ஸ்வெட்டர் இல்லாத தம்பி பீட்டர்ஹோஃப் நீரூற்றுகளைப் பார்க்க வந்தான். பம்பு கிடையாது, மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் தன் வேகத்திலேயே பீறிடுகிறது, 18ஆம் நூற்றாண்டு வேலை என்று நான் விளக்க, அவன் பல் தந்தியடித்தது. சாயங்காலம் பார்த்தால் தூக்கில் ஓரமாக ஒரு வழுவழுப்பு. "பிடிக்குது!" என்றாள் அக்கா. எனக்குக் குழந்தை பிறந்தபோதுகூட அவள் குரல் அப்படி எழும்பவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஹெர்மிடேஜுக்கு வைத்திருந்த நாள். தயிர் திரளும் நேரத்தில் தூக்கை ஆட்டக் கூடாது, தனியாக விடவும் கூடாது என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள். பணப்பை அவள் இடுப்பில். சரி, நாளைக்குப் போகலாம் என்றாள். நாங்கள் மூவரும் ஒரு தூக்கைச் சுற்றி உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தோம். அது உறையவில்லை. நூல்நூலாக வந்தது.

அந்தத் தூக்கைக் கொட்டவும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அத்மிரால்தேய்ஸ்கயா மெட்ரோவில் அதோடு இறங்கினோம். 86 மீட்டர் ஆழம், நம் எல்.ஐ.சி. கட்டடத்தைத் தலைகீழாக இறக்கினாலும் கீழே இன்னும் பத்து மாடிக்கு இடமிருக்கும். அவ்வளவு நேரமும் எஸ்கலேட்டரில் இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்தபடி, கும்பாபிஷேகத்துக்குப் போகிற மாதிரி நின்றாள். ரயில் நிலையத்துச் சோதனையில் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். காவல்காரர் எட்டிப் பார்த்தார். மோர்மிளகாய்க் காம்பு மிதந்தது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. உடனே மூடச் சொல்லிவிட்டார். சப்சான் ரயில் சுமார் 650 கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் கடந்தது. தூக்கு என் மடியில்.

மாஸ்கோவைப் பற்றி என்ன சொல்ல. பார்த்தோம். இருநூறு டன் எடையில் ஒருமுறைகூட அடிக்காத மணி ஒன்று கிரெம்ளினில் இருக்கிறது; எனக்கு அதனிடம் ஒரு நெருக்கம் தோன்றியது.

கடைசி நாள் தம்பி கடையில் செல்போனைக் காட்டி ஒரு டப்பாவின் பெயரை மொழிபெயர்த்தான். புரோஸ்தொக்வாஷா. சும்மா புளிக்க வைத்த பால் என்று பொருளாம். கட்டியாக, ஸ்பூன் வைத்தால் வெட்டுப்பட்டு நின்றது. தயிரேதான். முதல் நாள் பார்த்த அந்தச் சுவரிலும் இதே டப்பா, கேஃபிருக்குப் பக்கத்திலேயே இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அக்கா ஒரு டப்பா சாதத்தில் பிசைந்து, நார்த்தங்காயோடு மௌனமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள்.

இத்தனையும் சண்முகம் சாலையில் நின்று சொன்னேன். கீரை வாடிவிட்டது. நண்பர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ தயிர் கிடைக்குது" என்றார். பையனை அங்கே மருத்துவம் படிக்க அனுப்புகிறாராம். பெயரை எழுதிக் கேட்டார். கீரைக்காரம்மா கொடுத்த காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த அண்ணன் முகமா? ஹெர்மிடேஜுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.