ரெண்டாம் வேக்காட்டுப் பாலு

ஏலே தம்பி, இங்க வா. மூணு நாளா அடுப்பாங்கரையில என்னல நடக்குது? மொத நாளு குட்டித் தராசு வந்துச்சு. மறுநாளு சூடு பாக்குத கம்பி. இன்னைக்கு கழுத்துல மாட்டுத துணி. சமைக்கப் போறியா, ஆபரேசனுக்குப் போறியா?

கேட்டா ரிக்கோட்டா குக்கீங்க. ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட்டுதான விடுவாவ, பலகாரமுமா விடுதாவன்னு முழிச்சேன்.

பெறவு விசாரிச்சேன். ரிக்கோட்டான்னா இத்தாலி பாஷையில ‘மறுக்கா வெந்தது’ன்னு அர்த்தமாம். சீஸ் எடுத்த பெறவு தண்ணி மிஞ்சுமுல்லா, அதைக் கீழ கொட்ட மனசு வராத சனம் திரும்பவும் அடுப்புல ஏத்துச்சு. கொதி வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி, வெள்ளையா மேல மிதந்ததை அள்ளுச்சு. அம்புட்டுத்தான் ரிக்கோட்டா. மிச்சத்தை வீணாக்காதவன் கண்டுபுடிச்சதை நீ டப்பாவுல வாங்கியாந்திருக்க. வெலையச் சொன்ன பாரு, நம்ம பால்காரனுக்கு ஒரு வாரக் கணக்கு தீந்திருக்கும். நம்ம வீட்டுல பால் திரைஞ்சா ஆச்சி சீனியப் போட்டுக் கிண்டித் தருவா. அதை எவன் படம் புடிச்சான்?

ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழத்தப் புழி. துணியில வடிகட்டு. 200 கிராம் பக்கம் கெடைக்கும். அசல் இத்தாலிச் சரக்குன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மைதாவுக்கு அந்த வித்தியாசம் தெரியவா போவுது? தண்ணி மட்டும் நல்லா வடியணும், இல்லன்னா மாவு தோசையாட்டம் பரந்துரும். வெண்ணெய் 100 கிராம், சீனி 150, ஒத்த முட்டை, மைதா 225, பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி, எலுமிச்சத் தோலை லேசாத் துருவிப் போடு. இதுக்கு எதுக்குல ஏழு கிண்ணம்? கழுவுதது நீயா, உங்கம்மாவா?

முந்தாநாளு சுட்டது ஏன் கோலிக்குண்டாச்சு தெரியுமா? மேல செவக்கட்டும், செவக்கட்டும்னு ஓவன் கண்ணாடியப் பாத்தே நின்ன. அது செவக்காதுல. 180 டிகிரியில 12 நிமிசம், மிஞ்சிப்போனா 15. அடி லேசா பொன்னெறம் காட்டுனா எறக்கிரு, மேல வெளிறித்தான் இருக்கும். பேருதான் குக்கீ, கொணம் கேக்கு.

அடுத்து அந்த ‘கிளேஸ்’. சீனிச்சேவு தின்னுருக்கியால்லா? அதேதான். சேவுக்குப் பாகு சூடா இருக்கணும். இங்க பாகைக் காய்ச்சவே வேண்டாம், பண்டம்தான் ஆறியிருக்கணும். ஒரு கப்பு சீனிப்பொடியில ரெண்டு கரண்டி எலுமிச்சஞ்சாறு, கெட்டியாக் கொழைச்சுத் தடவு. நீ ஆத்தரத்துல சூட்டோட ஊத்துன, பாகு பூராவும் தட்டுக்குப் போச்சு. எறும்புக்கு அன்னைக்கு தீவாளி.

அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போன இத்தாலிக்காரவுக வீட்டுல, கிறிஸ்மசுக்கு இதைத் தட்டுத் தட்டாச் சுட்டு அடுக்குவாவளாம். நீ பன்னெண்டு சுட்டுட்டு, வெளிச்சம் பத்தலன்னு தட்டத் தூக்கிட்டு சன்னலுக்கும் வாசலுக்கும் அலையுத.

சரி, அதை இங்க தள்ளு. பல்லு போனவனுக்குத் தோதான பண்டம். ம்ம்... எலுமிச்ச வாடை நல்லாத்தான் இருக்கு.

என்னல மொறைக்க? பதினொண்ணைப் படம் புடி.