சூசு டின்னும் ஈர விறகும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறச் சமையலில் முதல் பாடம் அடுப்பைப் பற்றவைப்பது. இரண்டாம் பாடம், மாமியார் வந்து குறை சொல்வதற்குள் அதைக் கொழுந்துவிட்டு எரியச் செய்வது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்து லயங்களில் விறகுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மறுநடவுக்காகச் சாய்த்த கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வேண்டிய மட்டும் கிடைத்தது. காய்ந்த விறகுக்குத்தான் பஞ்சம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் கிளம்ப வேண்டும், அதற்கு முன் கோப்பி கொதிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவளின் பேர் அன்று லயம் முழுக்கக் கெட்டுப்போகும்.

இதற்கான மருந்து வெட்டுக்காட்டிலேயே இருந்தது. பால்மரத்தின் வெட்டுவாயில் நூலாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலில் நகமளவு பிய்த்துச் சுள்ளிக்கு அடியில் வைத்துக் கொளுத்தினால், எந்த ஈர விறகும் வழிக்கு வரும். ரப்பர் கிட்டத்தட்ட முழுக்கவே ஹைட்ரோகார்பன் என்பதால் சீக்கிரம் அணையாது. ஆனால் எரியும்போது கரும்புகை கக்கும். அந்தப் புகை அடங்கிய பிறகுதான் சட்டியை ஏற்ற வேண்டும். பொறுமையில்லாதவர் வீட்டு ரசத்தில் சைக்கிள் டியூப் வாசம் வரும். இதில் நிர்வாகச் சிக்கலும் ஒன்று உண்டு. ஒட்டுப்பாலையும் எடைபோட்டுத்தான் காசு கொடுத்தார்கள். ஆகவே தோட்டக் கணக்கரான கிராணியின் கண்ணில் பட்டால் அது திருட்டு, படாவிட்டால் வீட்டுக் குறிப்பு.

கரும்புகையின் அடுத்த விளைவு கரி. அலுமினியச் சட்டியின் அடியில் ஏறும் கரியைத் தேய்த்து எடுப்பதற்குள் மறுவேளைச் சமையலுக்கு நேரமாகிவிடும். தேய்ப்பதில் கெட்டிக்காரி என்று யாரும் பேர் வாங்கியதில்லை. தேய்க்க வேண்டாதபடி செய்தவளே கெட்டிக்காரி. அடுப்புச் சாம்பலையோ களிமண்ணையோ தண்ணீரில் குழைத்து, சட்டியின் வெளியடியில் மெல்லப் பூசி, உலரவிட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்ற வேண்டும். கரியெல்லாம் அந்தப் பூச்சில்தான் படியும். சமையல் முடிந்து தண்ணீரை ஊற்றினால் பூச்சோடு கரியும் கழன்று வரும், சட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும். விளிம்பு வரை பூசக்கூடாது. பூசினால் கிளறும்போது உதிர்ந்து குழம்பில் விழும். சாம்பல் கலந்த குழம்புக்கு எந்த ஊரிலும் தனிப்பெயர் கிடையாது. மிச்சச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுப் பாத்திரம் விளக்கலாம். மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கைச் சவுக்காரம் போலவே எடுத்துவிடும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு மட்டும் சாம்பல் போதாது, புளிப்பு வேண்டும். புளி தீர்ந்துபோன வீட்டார் கொல்லையில் காய்த்துத் தொங்கும் பிலிம்பிங் காயை நறுக்கித் தேய்த்தார்கள். அதிலுள்ள அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைத்துவிடும். உண்மையில் புளியைவிட இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மரம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் விளக்கு பளபளக்கும், உறவு மங்கும்.

தோட்ட அடுப்படியின் மிக முக்கியமான கருவி சூசு டின். கெட்டிப்பாலைத் தீர்த்தபின் அது அரிசி அளக்கும் படியாகும், கயிறு கட்டினால் கோப்பி வாங்கிவரும் தூக்காகும், கழுவிக் கவிழ்த்தால் உப்பு, மிளகு, கல்யாண மொய்க்கணக்குச் சீட்டு என எதையும் தாங்கும். பால் இருக்கும்போதே அதை நடத்துவதற்கு ஒரு முறை உண்டு. மூடியில் ஒரே துளை போட்டவர்கள் டின்னைக் கவிழ்த்துப் பிடித்து வெகுநேரம் தியானம் செய்ய நேரும். பால் வெளியே வர வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும், எதிரெதிராக இரண்டு துளை வேண்டும். அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை, இந்த வேலையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று, உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டியிருந்தது. ஓட்டை விழுந்த டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, கெட்டுவிடும். கட்டுப்பாடு எழுதிய அதிகாரிகள் எறும்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

எறும்புக்கு வைத்தியம் அலமாரியின் கால்களில் தொடங்குகிறது. நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய நான்கு மங்குகளில் நிறுத்தினால் எறும்பு ஏற வழியில்லை. மரத்தில் பால் பிடித்துத் தேய்ந்த மங்கு இதற்குப் போதும். தண்ணீரில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் கொசுப்புழுவும் தங்காது. அலமாரி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, அதன் மேல் யாராவது துணியைத் தொங்கவிட்டிருந்தாலோ இத்தனை ஏற்பாடும் வீண். எறும்பு பாலம் தேடுமே தவிர நீந்த வராது.

இனி தேங்காய்ப்பால். ரெம்பாவ், கோலாப்பிலா மலாய்க்காரர்களின் மாசாக் லெமாக் சீலி ஆப்பி தோட்டத்துத் தமிழர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது: மஞ்சள், பச்சைச் சீலிப் பாடி, கெட்டித் தேங்காய்ப்பால், கூடவே மீனோ கோழியோ. பால் திரிந்துவிட்டால் குழம்பு பார்க்கச் சகிக்காது. திரியாமல் காப்பது எப்படி என்று சொல்ல ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவரே பொருத்தமானவர், ஏனென்றால் திரியவைப்பதுதான் அவர் தொழில். ஆலையில் ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் விட்டதும், துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருந்த புரத உறை வலுவிழக்கும், பால் கட்டியாகும். 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வடித்து முதன்முதலில் எடுத்த அதே அமிலம் இது. மேற்படி அலமாரிக்காரர்கள் அவரை நிச்சயம் ஆதரித்திருப்பார்கள். தேங்காய்ப்பாலிலும் கொழுப்பைப் பிடித்துவைப்பது புரதம்தான். அதையும் அமிலமும் கடும் கொதியும் கெடுக்கும். எனவே ஆலையில் செய்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: தணல் சிறிதாக, அகப்பை நிற்காமல் சுற்றிக்கொண்டே, புளிப்பு கடைசியில். அந்த அமிலப் புட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆரஞ்சு பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

மரவள்ளிக்கும் கண்டிப்பான முறை உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டமே கிழங்கில் உயிர் பிழைத்தது. தோலை முழுக்கச் சீவி, துண்டுபோட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும் பொருள். மூடி போட்டால் போக வழி எது? கசக்கும் கிழங்கு என்றால் தொடாமல் விடுவதே நல்லது.

அரிசியில் வண்டு விழாமலிருக்கக் காய்ந்த மிளகாய் என்பார் ஒருவர், வேப்பிலை என்பார் இன்னொருவர், பூண்டு என்பார் மூன்றாமவர். மூவரும் கால்நூற்றாண்டு பேசாமல் இருந்த லயங்களும் இருக்கலாம். வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடுகிறது. மிளகாயின் காரம் அதற்கு எட்டாது. அரிசி காய்ந்திருக்க வேண்டும், டின் மூடி இறுக வேண்டும், அவ்வளவுதான். குளிர்பெட்டி வந்த பிறகு புதுப் பொட்டலத்தை நான்கு நாள் உறைபெட்டியில் போட்டு எடுப்பதே மூவரையும் வென்ற வழி. உப்பு கசிவதற்கு மட்டும் அரிசி உதவும்: ஜாடியில் ஒரு பிடி போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இட்லி மாவுக்கு ஒரே விதிதான். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. இந்த ஊர்ச் சூட்டில் அது இரவோடிரவாக மேசையைப் பார்வையிட வரும்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் சிரம்பான், நீலாய்த் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகு விறகின் இடத்தைக் கேஸ் தோங் பிடித்தது. 14 கிலோ தோங்கில் எவ்வளவு மிச்சம் என்று ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் முதுகுவலியை. ஈரத்துணியால் தோங்கை ஒருமுறை துடைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தால் போதும். திரவம் நிற்கும் மட்டம் குளிர்ந்திருப்பதால் அங்கே ஈரம் மெதுவாகக் காயும், மேலே வெறும் ஆவி இருக்கும் பகுதி சட்டென்று காயும். தீர்ந்த தோங்கைப் படுக்கவைத்து உருட்டுவதும், கொதிநீரில் நிற்கவைப்பதும் ஆபத்து. தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு எண்ணெயில் இருக்கும்போதுதான் கேஸ் தீரும் என்பதற்கு அறிவியல் விளக்கம் எதுவும் கிடையாது. அதற்கு ஒரே பரிகாரம், ஈரத்துணியை அதற்கு முந்தின வாரமே எடுப்பது.